மூன்று பிள்ளைகள், ஒரே பகல்: வீட்டுக்கல்வி ஆண்டை எப்படிப் பிரிப்பது?

வீட்டிலேயே படிக்க வைக்கலாமா என்று யோசிக்கும் பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது பாடத்திட்டத்தைப் பற்றித்தான். மாநில அரசின் சமச்சீரா, மத்திய அரசின் திறந்தநிலைப் பள்ளியான என்ஐஓஎஸ்ஸா, வெளிநாட்டுப் பாடத்திட்டமான கேம்பிரிட்ஜா? ஒரே பிள்ளை இருக்கும் வீட்டில் அங்கிருந்தே தொடங்கலாம். இரண்டு மூன்று பிள்ளைகள், அதுவும் மூன்று நான்கு வயது இடைவெளியில் இருந்தால், அதற்கு முன்பே வேறொன்றை முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. சொல்லிக்கொடுக்க ஒரு ஆள்தான், ஒரு பகல்தான். அதை யாருக்கு எவ்வளவு பங்கிடுவது?

சென்னை மடிப்பாக்கத்தில் இரண்டாவது மாடி வீடு எங்களுடையது. பெரியவளுக்கு இப்போது 13, நடுவனுக்கு 9, சின்னவளுக்கு 6. கணவர் வேலைக்குப் போகிறார். பகல் முழுக்க நான். மூன்று ஆண்டுகளில் மூன்று விதமாக நடத்திப் பார்த்திருக்கிறோம். முதலாண்டு ஒவ்வொருவருக்கும் தனித்தனி வகுப்பு. இரண்டாமாண்டு பெரும்பாலான பாடங்களை ஆன்லைன் வகுப்புக்கும் டியூஷனுக்கும் கொடுத்துவிட்டோம். மூன்றாமாண்டு எல்லோரையும் ஒரே பாயில் உட்கார வைத்து ஒரே பாடம், ஆளுக்கேற்ற ஆழம். மூன்றிலும் நல்லது இருந்தது. ஆனால் மூன்றும் எல்லா வீட்டுக்கும் ஒன்றாகப் பொருந்தாது என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் தனித்தனி வகுப்பு. பள்ளியிலிருந்து பிள்ளைகளை எடுத்தவுடன் எல்லோருக்கும் தோன்றுவது இதுதான். பள்ளி அட்டவணையை அப்படியே சுவரில் ஒட்டிவிடுவோம். இதைச் செய்வதற்கு முன் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று பிள்ளைகள், ஆளுக்கு ஐந்து பாடம், பாடத்துக்கு நாற்பது நிமிடம் என்றால் பத்து மணி நேரம். சமையல், துவைத்த துணி, கேன் தண்ணீர் வருவது, கதவு மணி எதுவும் இதில் சேரவில்லை. நான் இந்தக் கணக்கைப் போடாமல்தான் தொடங்கினேன். ஜூலை மாதம் தொண்டை கட்டிக்கொண்டது. ஆகஸ்டில் இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வைத்தேன்: எந்தப் பிள்ளை எவ்வளவு நேரம் எனக்காகக் காத்திருந்தது என்று. நடுவன் ஒரு நாளில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அழவில்லை, சண்டை போடவில்லை, அதனால் என் கண்ணில் படவே இல்லை. மூன்று பேர் இருக்கும் வீட்டில் நடுப்பிள்ளைதான் முதலில் விட்டுப்போகும். அந்த நோட்டை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

ஆனாலும் தனி வகுப்பால் மட்டுமே ஆகக்கூடிய காரியங்கள் உண்டு. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்கும் குழந்தைக்குப் பக்கத்தில் ஒருவர் விரல் வைத்து உட்கார்ந்தே ஆக வேண்டும். கணக்கும் அப்படித்தான். வகுத்தலில் தடுமாறும் பிள்ளையையும் இருபடிச் சமன்பாடு போடும் பிள்ளையையும் ஒரே கணக்கில் உட்கார வைக்க முடியாது. படிப்பதில் சிரமம் இருக்கிற பிள்ளை, டிஸ்லெக்சியா மாதிரி, வீட்டில் இருந்தால், மற்ற எதையும் யோசிப்பதற்கு முன் அந்தப் பிள்ளைக்கான தனி நேரத்தை ஒதுக்கிவிட்டு மீதியைப் பங்கிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

வெளியே ஒப்படைக்கும் வழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் வேறு வழியும் கிடையாது. நல்ல ஆசிரியர் அமைந்தால் உயர்வகுப்புப் பிள்ளைக்குப் பெரிய லாபம். பெரியவளின் இயற்பியல் இன்றும் வெளியேதான் நடக்கிறது. சிறு பிள்ளைகளுக்கு இது சரிப்படவில்லை. ஐந்து வயதுக் குழந்தை திரைக்கு முன்னால் நாற்பது நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்தது என்றால் படித்தது என்று பொருளில்லை. மூன்று பேருக்கும் மூன்று சாதனம், மூன்று ஹெட்போன், ஒரே வைஃபை. நவம்பரில் மழை பிடித்துக்கொண்டு தெருவில் தண்ணீர் ஏறினால் கரண்டை நிறுத்துவார்கள், இணையமும் போய்விடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு எங்கள் பக்கம் எப்படி இருந்தது என்பது இங்கிருப்பவர்களுக்குத் தெரியும். பணம் கட்டிய வகுப்பு அந்த நாட்களில் அப்படியே நின்றுபோகும். முழு ஆண்டையும் இணையத்தின் மேல் கட்டுவது இந்த ஊருக்கு ஆகாது என்பது என் முடிவு.

இனி ஒரே பாய். நான் கடைசியாக வந்து சேர்ந்த இடம் இது. இதில் புதுமை ஒன்றுமில்லை, இந்த ஊருக்கு மிகப் பழகிய முறைதான். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் ஒரே வாத்தியார், எல்லா வயதுப் பிள்ளைகளும் ஒன்றாகத்தான் உட்கார்ந்தார்கள். மூத்த பிள்ளை சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதியின் பொறுப்பை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், மணலில் விரலால் எழுதிப் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, அதையே தன் விடுதியில் செய்தார். கடைசி வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க எட்டு வயதுப் பையன் ஒருவனை உட்கார வைத்தார். இங்கிலாந்து திரும்பிய பின் அவர் அதைப் பரப்பியபோது அதற்கு அமைந்த பெயர் 'மெட்ராஸ் முறை'. 1939இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரியின் வகுப்பிலும் கலந்த வயதுப் பிள்ளைகள்தான். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலும் அதே வழி: ஏணிப்படி அட்டவணை, அட்டைகள், பிள்ளை தான் நிற்கும் படியிலிருந்து மேலே ஏறுவது. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தார்கள். வகுப்பு எண்ணைப் பார்க்காமல் பிள்ளைக்கு என்ன வருகிறது என்று பார்க்கும் ஏற்பாடு. மாநகராட்சிப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற என் சித்திதான் எனக்கு இதைப் புரிய வைத்தார். "வகுப்புன்னு பார்த்தா உனக்கு மூணு வகுப்பு. படின்னு பார்த்தா ஒரே ஏணி" என்றார்.

ஒரே பாடம், ஆளுக்கேற்ற ஆழம் என்று சொல்வது எளிது. நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு எங்கள் மழைமானியைச் சொல்கிறேன். இரண்டு லிட்டர் பாட்டிலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகி, அடியில் கூழாங்கல் போட்டு, அதற்கு மேல் வரை தண்ணீர் ஊற்றி அங்கே கோடு போட்டு மொட்டைமாடியில் வைத்தோம். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை தினமும் காலை எட்டரை மணிக்கு மூவரும் மேலே போவார்கள். சின்னவள் ஸ்கேலை வைத்துக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் என்று எண்ணிச் சொல்வாள். எண்ணுவதற்கே அவளுக்கு இரண்டு நிமிடம் ஆகும், யாரும் குறுக்கே பேசக்கூடாது. நடுவன் தேதியோடு அட்டவணையில் எழுதி, வாரக் கடைசியில் கூட்டிச் சராசரி எடுப்பான். பெரியவள் அதை வரைபடமாக்கி, செய்தியில் வரும் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் அளவுகளோடு ஒப்பிடுவாள். ஒரு நாள் எங்கள் மாடியில் 41, நுங்கம்பாக்கத்தில் 12. "நம்ம பாட்டில்தான் தப்பா?" என்று நடுவன் கேட்டான். ஊருக்குள்ளேயே மழை இவ்வளவு மாறுமா என்ற பேச்சில் அன்று காலை முழுவதும் போயிற்று. வடகிழக்குப் பருவக்காற்று, வங்கக்கடல் தாழ்வு நிலை, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் எதற்கு வேண்டும், 2015 டிசம்பரில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது என்றால் நம் பாட்டில் எத்தனை முறை நிரம்பும் என்று வளர்ந்துகொண்டே போனது. பாடப்புத்தகத்தில் இவையெல்லாம் மூன்று வகுப்புகளில் மூன்று வேறு பாடங்கள்.

அறிவியல், சமூக அறிவியல், கதை, செய்யுள், ஓவியம், வெளியே போவது இவையெல்லாம் ஒரே பாயில் அழகாக நடக்கும். எழும்பூர் அருங்காட்சியகம் (வெள்ளிக்கிழமை விடுமுறை, நாங்கள் ஒருமுறை வாசல்வரை போய்த் திரும்பினோம்), கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கம், அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பகுதி எல்லாமே எல்லா வயதுக்கும் ஏதாவது கொடுக்கிற இடங்கள். பரங்கிமலைக்கு ஒரு தடவை கூட்டிப்போங்கள். இந்தியாவையே முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரும் முக்கோணவியல் நில அளவைக்கு 1802இல் அடிப்படையான அடிக்கோட்டை அளக்கத் தொடங்கியது அங்கேதான். பெரியவளுக்கு அன்று முக்கோணவியல், நடுவனுக்கு வரைபடம், சின்னவளுக்கு நூற்று முப்பதுக்கும் மேல் படிக்கட்டு எண்ணுவது.

மூத்த பிள்ளை இளையதற்குச் சொல்லிக்கொடுப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை நான் அடுப்படியில் இருந்தேன். சின்னவள், "அக்கா, வண்டுக்கு மூணு சுழியா, ரெண்டு சுழியா?" என்றாள். பெரியவளுக்கு விடை தெரியும். ஏன் என்று தெரியாது. நண்டு, வண்டி, கண்டு, கன்று, மன்றம், தென்றல் என்று அவளே ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு, "மூணு சுழிக்குப் பக்கத்துல ட-தான் வரும், ரெண்டு சுழிக்குப் பக்கத்துல ற-தான் வரும், பாத்துக்கோ" என்றாள். அதனால்தான் ஒன்றுக்கு டண்ணகரம், இன்னொன்றுக்கு றன்னகரம் என்று பெயர் என்று நான் சொன்னபோது இருவருக்கும் முகம் மலர்ந்தது. அதற்குப் பிறகு பெரியவள் அந்தப் பிழையைச் செய்ததில்லை.

ஆனால் இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. கை கொடுக்க ஆள் கிடைத்ததும் நான் மெல்ல மெல்ல அவளிடம் அதிகம் விட்டுவிட்டேன். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள், "எனக்கும் படிக்கணும்மா" என்றாள், சத்தமில்லாமல். அன்றிலிருந்து நாளுக்கு அரை மணி, அதுவும் அவள் விரும்பினால் மட்டும் என்று வைத்திருக்கிறோம். மூத்த பெண் பிள்ளை இருக்கும் வீடுகளில் இந்தக் கோட்டை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

எங்கள் வீட்டு நாள் இப்போது இப்படி அமைந்திருக்கிறது. எட்டரைக்கு மாடி. ஒன்பது முதல் பத்து வரை சின்னவளோடு எழுத்தும் எண்ணும். மற்ற இருவரும் அப்போது கேள்வி கேட்காமல் செய்யக்கூடிய வேலையை முந்தைய இரவே எடுத்து வைத்திருப்பேன். பத்து முதல் பத்தே முக்கால் நடுவனுக்குக் கணக்கு, வேறு யாருக்கும் அந்த நேரம் கிடையாது; காத்திருந்த நோட்டு கற்றுக்கொடுத்தது. பதினொன்று முதல் பன்னிரண்டரை ஒரே பாய். மதியம் பெரியவளுக்கு. தனியாகச் சொல்லிக்கொடுப்பது மொத்தமே மூன்றரை மணி நேரத்துக்குள் அடங்குகிறது.

அடுத்து நாட்காட்டி. ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிக்கும் பள்ளி ஆண்டா, விடுமுறையே இல்லாமல் ஆண்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகவா? பள்ளி ஆண்டோடு போனால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு லீவு விடும்போது நம் பிள்ளைகளுக்கும் லீவு. அத்தை, மாமா வீட்டுப் பிள்ளைகள் மே மாதம் வருவார்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு விளையாட ஆள் கிடைப்பது சின்ன விஷயமில்லை. ஆண்டு முழுக்க என்றால் வாய்ப்பாடு மறக்காது. நாங்கள் பள்ளி ஆண்டையே வைத்துக்கொண்டு இந்த ஊர் வானிலைக்கு ஏற்ப எடையை மாற்றினோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை பாடப்புத்தகம் வேகமாக ஓடும். நவராத்திரியிலிருந்து தீபாவளி வரை இலகு. மழை மாதங்களில் வீட்டுக்குள் வாசிப்பு, எழுத்து, சோதனைகள். பொங்கலுக்குப் பிறகு மார்ச் வரைதான் சென்னையில் வெளியே சுற்ற ஏற்ற காலம். பள்ளிகள் தேர்வுக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் அந்த வாரங்களில் நாங்கள் பள்ளிக்கரணைக்குப் பறவை பார்க்கப் போவோம். பெசன்ட் நகர் முதல் நீலாங்கரை வரையான கடற்கரையில் பங்குனி ஆமை முட்டையிட வருவதும் அப்போதுதான். மாணவர் அமைப்பினர் இரவில் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காப்பதை நேரில் பார்த்த பிறகு, நடுவன் தானாக எழுதிய முதல் கட்டுரை நான்கு பக்கம். அக்னி நட்சத்திரத்தில் காலை ஏழு மணிக்குப் பதினைந்து நிமிடம் கணக்கு, மதியம் கதைப்புத்தகம், அவ்வளவுதான்.

பாடத்திட்டக் கேள்விக்கு இப்போது வருகிறேன். எட்டாம் வகுப்பு நிலை வரை இது அவசரப்பட வேண்டிய முடிவே இல்லை. தமிழ்நாடு பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதையே முதுகெலும்பாக வைத்துக்கொள்ளலாம். அதன் பிறகு நிதானமாக யோசிக்க வேண்டும்.

என்ஐஓஎஸ் மத்திய அரசின் திறந்தநிலைப் பள்ளி, 1989இல் தொடங்கியது. பத்தாம் வகுப்பு நிலைக்குச் சேர 14 வயது நிரம்பியிருக்க வேண்டும். குறைந்தது ஐந்து பாடம், அதில் ஒரு மொழி கட்டாயம், தமிழையும் எடுக்கலாம். சேர்ந்த நாளிலிருந்து ஐந்தாண்டு, ஒன்பது வாய்ப்பு. எல்லாப் பாடத்தையும் ஒரே தடவையில் எழுத வேண்டியதில்லை. பொதுத்தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை: ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர். பல பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இந்த நெகிழ்ச்சி பெரிய வரம். ஒரு பருவத்தில் இரண்டு பாடம், அடுத்ததில் மூன்று என்று பிரித்தால் தங்கை, தம்பிக்கான நேரத்தை மூத்தவளின் தேர்வு விழுங்காது. நாங்கள் ஏப்ரலைத்தான் எடுக்கிறோம். அக்டோபர்-நவம்பர் தேர்வு இங்கே மழையோடு வருகிறது. ஏப்ரலில் எழுத முந்தைய ஆண்டே சேர்ந்திருக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

மாநில வழியில் 12½ வயது நிரம்பியவர்கள் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம்; பிறகு பத்தாம் வகுப்பு. இதை நடத்துவது கல்லூரிச் சாலையில் இருக்கும் அரசுத் தேர்வுகள் இயக்ககம். பாடப்புத்தகம் கையில் பழகியது, டியூஷன் எடுக்க ஆள் தெருவுக்கு நான்கு பேர், தமிழ் வலுவாக இருக்கும். அறிவியலுக்குச் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் பதிவுசெய்து போக வேண்டும். மாநில அரசு வேலை நோக்கமென்றால் எனக்கு இதுவே நேர்வழியாகப் படுகிறது. கேம்பிரிட்ஜ் தனித்தேர்வுக் கட்டணம் மற்ற இரண்டையும் விடப் பல மடங்கு. ஒரு பிள்ளைக்குக் கட்டுவது மூன்றாகும் என்பதை முதலிலேயே பெருக்கிப் பாருங்கள். மூத்தவளுக்கு ஒன்று, இளையவர்களுக்கு வேறு என்று பின்னால் சொல்ல நேர்ந்தால் அது வீட்டில் மாறாத வருத்தமாகிவிடும்.

வீட்டில் படிக்க வைப்பதால் இழப்பதையும் சொல்லிவிட வேண்டும். 2009ஆம் ஆண்டு கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளியை உரிமையாக்குகிறது. வீட்டுக்கல்வி என்று ஒரு வழியை அது தனியாக வகுக்கவில்லை. அதே சட்டம், இடையில் பள்ளிக்கு வரும் பிள்ளையை வயதுக்குரிய வகுப்பில் சேர்க்கவும் சொல்கிறது. ஆக, திரும்பிப் போகும் கதவு மூடவில்லை. தமிழ்நாட்டில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. புதுமைப்பெண் திட்டத்தில், அப்படி அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பிள்ளை இப்போது நல்ல அரசுப் பள்ளியில் சந்தோஷமாகப் படிக்கிறது, வருமானமும் குறைவு என்றால், வீட்டுக்கு எடுக்காதீர்கள் என்றே சொல்வேன். பள்ளிக்குப் பின் மாலையில் ஒரு மணி நேரம் ஒரே பாயில் உட்காருங்கள். நான் சொன்னதில் பாதி அப்படியே நடக்கும்.

எடுப்பது என்று முடிவாகிவிட்டால், வயது இடைவெளி இரண்டுக்குள் இருக்கும் பிள்ளைகளை பெரும்பாலான பாடங்களில் ஒரே வகுப்பாக வைத்துப் பார்க்கலாம்; கணக்கில் மட்டும் இளையவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்களைப் போல் மூன்று, நான்கு இடைவெளி என்றால் கணக்கும் வாசிப்பும் தனி, மற்றதெல்லாம் ஒன்றாக. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு ஒரு பிள்ளை நெருங்கிவிட்டால் அந்தப் பிள்ளையின் தேர்வு மாதத்தை முதலில் நாட்காட்டியில் குறித்துவிட்டு மற்றவர்களின் ஆண்டை அதைச் சுற்றி அமையுங்கள். இரண்டு வாரம் காத்திருப்பு நோட்டு மட்டும் எந்த வழியை எடுத்தாலும் போடுங்கள்.

பெரியவளுக்கு வரும் மார்ச்சில் 14 நிரம்புகிறது. என்ஐஓஎஸ் சேர்க்கைக்கு ஆதாரும் புகைப்படமும் எடுத்து வைத்தாயிற்று. ஜூனிலிருந்து அவள் மேசை பால்கனிக் கதவோரம் போகிறது. பதினொன்று முதல் பன்னிரண்டரை வரை பாய்க்கு வருவேன், மற்ற நேரம் கூப்பிடக் கூடாது என்று அவளே ஒரு அட்டையில் எழுதி வைத்திருக்கிறாள். கீழே சின்னவள் தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: "வண்டு வந்தால் கூப்பிடலாம்." மூன்று சுழி சரியாக இருக்கிறது.